தலையில் பலத்த அடி: மருந்து எந்த வேலையைச் செய்கிறது?

மதுரையிலிருந்து கன்னியாகுமரி போகும் நாலுவழிச் சாலை கயத்தாறு, நாங்குநேரி, வள்ளியூர் என்று நம் ஊர்களை ஒட்டியே போகிறது. ஹெல்மெட்டைத் தலையில் மாட்டாமல் பெட்ரோல் டேங்க் மேல் வைத்துக்கொண்டு ஓட்டும் பழக்கமும் இங்கே இன்னும் போகவில்லை. தலைக்காயத்தோடு ஒருவரை பாளையங்கோட்டை ஐகிரவுண்டு ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டு வெளியே காத்திருப்பவர்களின் பேச்சு பெரும்பாலும் இப்படித்தான் இருக்கும்: "மூளைய முழிக்க வைக்க ஒரு ஊசி இருக்காம்லா அண்ணாச்சி, அத ஏன் போட மாட்டேங்காவ?" "எங்க மச்சினனுக்கு ஒரு மாத்திர குடுத்தாவ, பதினஞ்சாம் நாள் கண்ணத் தொறந்துட்டான். அந்தப் பேர வேணா கேட்டுச் சொல்லட்டா?"

கேட்பவர்கள் மேல் தப்பில்லை. ஒரு நாளைக்குப் பத்துப் பன்னிரண்டு மருந்துகள் ஏறுகின்றன; எது எதற்கு என்று நின்று விளக்க அங்கே யாருக்கும் நேரம் கிடைப்பதில்லை. ஆனால் அவை எல்லாம் ஒரே வேலைக்கானவை அல்ல. உயிரையும் மிச்சமிருக்கும் மூளையையும் காப்பவை ஒரு வகை. வலிப்பைத் தடுப்பவை இன்னொரு வகை. நினைவு திரும்புவதை விரைவுபடுத்துபவை மூன்றாவது வகை. இந்த மூன்றாவது வகையில் உறுதியான சான்றோடு நிற்பது ஏறக்குறைய ஒரே ஒரு மருந்துதான். அதற்கும் எல்லை உண்டு. அதைப் பற்றிப் பேசுவதற்கு முன், அடிபட்ட மூளைக்குள் என்ன நடக்கிறது என்று பார்த்துவிடலாம்.

'பலத்த அடி' என்று எதைச் சொல்கிறார்கள்?

ரத்தம் எவ்வளவு போனது என்பதையோ எத்தனை தையல் என்பதையோ வைத்து இதை அளப்பதில்லை. 1974இல் ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரில் டீஸ்டேல், ஜென்னெட் என்ற இரண்டு மருத்துவர்கள் ஓர் அளவுகோலை உருவாக்கினார்கள். உலகம் முழுக்க இன்றும் அதுதான் புழக்கத்தில் இருக்கிறது. கண்ணைத் திறக்கிறாரா, பேசுகிறாரா, சொன்னபடி கையை அசைக்கிறாரா என்ற மூன்றுக்கும் மதிப்பெண் போட்டுக் கூட்டுவார்கள். நன்றாக இருப்பவருக்கு 15. எதற்கும் எந்த அசைவும் இல்லாதவருக்கு 3. கூட்டுத்தொகை 8 அல்லது அதற்குக் கீழே இருந்தால் அது பலத்த மூளைக்காயம். "ஜிசிஎஸ் 6" என்று டாக்டர் சொல்வது இந்த எண்ணைத்தான்.

நினைவில்லாத எல்லோரையும் நாம் 'கோமா' என்றே சொல்லிவிடுகிறோம். மருத்துவத்தில் அதற்குள் மூன்று நிலைகள் உண்டு. கோமா என்றால் கண்ணே திறக்காத நிலை. உயிர் தங்கினால் பெரும்பாலும் சில வாரங்களுக்குள் கண் திறந்துவிடும். கண் திறந்திருக்கிறது, தூக்கமும் விழிப்பும் மாறி மாறி வருகின்றன, ஆனால் சுற்றி நடப்பது தெரிவதாக எந்த அறிகுறியும் இல்லை என்றால் அது விழித்தும் உணர்வற்ற நிலை. அம்மாவின் முகத்தைக் கண்கள் தொடர்கின்றன, "கையப் பிடி" என்றால் நாலு தடவையில் ஒரு தடவை பிடிக்கிறார் என்றால் அது குறைந்த உணர்வு நிலை. கடைசி இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் பெரியது. குறைந்த உணர்வு நிலையில் இருப்பவர்கள் தேறி வரும் வாய்ப்பு அதிகம். ஒரு நாளில் ஐந்து நிமிடம் பார்த்துவிட்டுப் போகும் டாக்டரைவிட, பக்கத்தில் இருக்கும் குடும்பத்தாரின் கண்ணில்தான் அந்தச் சின்ன அறிகுறி பல நேரம் முதலில் படும். அதைத் தேதி போட்டு எழுதிவைத்துச் சொல்வது நல்லது.

நெல்லைக் கால்வாயை வைத்து மூளையைப் புரிந்துகொள்வோம்

சுத்தமல்லி அணைக்கட்டில் பிரியும் நெல்லைக் கால்வாயை நினைத்துக்கொள்ளுங்கள். ஆற்றில் தண்ணீர் இருந்தால் மட்டும் வயல் விளைந்துவிடாது. அணைக்கட்டில் நீர்மட்டம் ஏற வேண்டும், வாய்க்கால் உடையாமல் இருக்க வேண்டும், மடை திறந்திருக்க வேண்டும். இதெல்லாம் சரியாக இருந்தால்தான் கடைமடை வரை தண்ணீர் போய்ச் சேரும். 2023 டிசம்பரில் தாமிரபரணி வெள்ளம் வந்துபோன பிறகு இதை நாம் நேரிலேயே பார்த்தோம். வெள்ளம் வடிந்துவிட்டது, வயல் இருக்கிறது, ஆறும் இருக்கிறது. ஆனால் கரை உடைந்து, வாய்க்காலில் மண் மேவிக் கிடந்தால் தண்ணீர் எப்படிப் போகும்?

மூளையில் அந்த வயல்கள் நரம்பணுக்கள். வாய்க்கால்கள் அவற்றிலிருந்து நீளும் மெல்லிய நரம்பிழைகள். அணைக்கட்டின் இடத்தில் இருப்பவை மூளைத்தண்டும் அதற்கு மேலே உள்ள தலாமஸ் என்ற பகுதியும். விழிப்பு அங்கிருந்துதான் மூளை முழுவதற்கும் போகிறது. பைக் வேகமாகப் போய் மோதும்போது தலை சட்டென்று நின்றுவிடுகிறது, உள்ளே மூளை அசைந்து முறுக்கிக்கொள்கிறது. அந்த முறுக்கலில் நரம்பிழைகள் ஆங்காங்கே இழுபட்டு அறுகின்றன. இதைப் பரவலான நரம்பிழைச் சேதம் என்கிறார்கள்.

"சிடி ஸ்கேன்ல பெருசா ஒண்ணும் இல்லன்னாவ, ஆனா முழிக்க மாட்டேங்கானே" என்ற குழப்பத்துக்கு விடை இங்கேதான் இருக்கிறது. சிடி ஸ்கேனில் ரத்தக்கட்டும் எலும்பு முறிவும் நன்றாகத் தெரியும். அறுந்த நுண்ணிய இழைகள் பெரும்பாலும் தெரியாது. எம்ஆர்ஐ எடுத்தால் கொஞ்சம் கூடுதலாகத் தெரியும். வயல் எல்லாம் முழுசாகத்தான் இருக்கிறது, வாய்க்கால்தான் இல்லை.

இதுவரை பார்த்ததைச் சுருக்கிச் சொன்னால்: கண், பேச்சு, அசைவு ஆகிய மூன்றின் கூட்டு 8க்கு மேலே போகாவிட்டால் பலத்த காயம். நினைவு திரும்பாததற்கு நரம்பணு செத்தது மட்டும் காரணமில்லை, இணைப்பு அறுந்ததும் பெரிய காரணம்.

முதல் சில நாட்கள்: இரண்டாவது சேதத்தோடு சண்டை

சாலையில் விழுந்த நொடியில் நடந்தது முதல் சேதம். அதைத் திருப்பிப்போட எந்த மருந்தாலும் முடியாது. அடுத்த சில மணி நேரத்திலும் நாட்களிலும் நடப்பது இரண்டாம் சேதம்: ரத்த அழுத்தம் குறைவது, ஆக்ஸிஜன் போதாமல் போவது, ரத்தக்கட்டு பெருகுவது, மூளை வீங்குவது. வெள்ளம் வடிந்த பிறகும் தேங்கி நின்று நாற்றை அழுகவைக்கும் தண்ணீர் மாதிரிதான் இது. தீவிர சிகிச்சைப் பிரிவின் வேலையெல்லாம் இதைத் தடுப்பதுதான்.

மண்டையோடு விரிந்து கொடுக்காது. உள்ளே மூளை, ரத்தம், மூளையைச் சுற்றியுள்ள நீர் ஆகிய மூன்றுக்கும் இருப்பது அளந்துவைத்த இடம். வீக்கம் வந்தால் அழுத்தம் ஏறும். ஏறினால் மூளைக்கு ரத்தம் போவது குறையும். உள்ளழுத்தம் 22 மி.மீ. பாதரசத்தைத் தாண்டினால் குறைக்க வேண்டும் என்பது இன்றைய வழிகாட்டுதல். மானிடால், அடர்த்தி கூடிய உப்புக் கரைசல் ஆகியவை இந்த வேலைக்குத்தான். மூளைக்குள் இருக்கும் நீரை ரத்தத்துக்குள் இழுத்துவிடுகின்றன. மயக்க மருந்து கொடுத்து வென்டிலேட்டரில் வைப்பதும் மூளையின் தேவையைக் குறைத்து அழுத்தத்தை அடக்கத்தான். அந்த நாட்களில் அவர் கண் திறக்காமல் இருப்பதற்கு மயக்க மருந்தே காரணமாக இருக்கலாம். மருந்தை நிறுத்திப் பார்க்கும் வரை நினைவு நிலையைப் பற்றி எதையும் முடிவாகச் சொல்ல முடியாது.

ரத்தக்கசிவைக் குறைக்கும் டிரானெக்ஸாமிக் அமிலம் பற்றி 2019இல் 12,000 பேருக்கு மேல் வைத்து நடந்த பன்னாட்டு ஆய்வின் முடிவு வந்தது. அடிபட்ட 3 மணி நேரத்துக்குள் கொடுத்தால் லேசான, நடுத்தரக் காயக்காரர்களின் சாவு குறைந்தது. மிகப் பலத்த காயத்தில் அந்தப் பலன் தெளிவாகத் தெரியவில்லை. நேரம்தான் முக்கியம் என்பதால் யாருடைய காரையாவது தேடிக்கொண்டு நிற்காமல் 108ஐக் கூப்பிடுங்கள். 2021இல் தமிழக அரசு தொடங்கிய நம்மைக் காக்கும் 48 திட்டத்தில் விபத்து நடந்த முதல் 48 மணி நேரச் சிகிச்சைக்குக் காசு கட்ட வேண்டியதில்லை. தனியார் மருத்துவமனை என்றால் அது திட்டத்தில் இருக்கிறதா என்று மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள்.

இங்கே ஸ்டீராய்டின் கதையைச் சொல்லியாக வேண்டும். ஸ்டீராய்டு வீக்கத்தைக் குறைக்கும், மூளைக்காயத்தில் வீக்கம்தான் எதிரி, அதனால் ஸ்டீராய்டு நல்லது. கேட்க எவ்வளவு நியாயமாக இருக்கிறது! பல பத்தாண்டுகள் உலகம் முழுக்க இந்த நியாயத்தை நம்பித்தான் கொடுத்து வந்தார்கள். 2004இல் வெளியான கிராஷ் என்ற ஆய்வில் 10,008 பேரை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதிக்கு ஸ்டீராய்டும் மறு பாதிக்கு வெற்று மருந்தும் கொடுத்தார்கள். வெற்று மருந்து என்றால் பார்க்க ஒன்றுபோலவே இருக்கும், உள்ளே மருந்துச்சரக்கு இருக்காது. இரண்டு வாரத்துக்குள் இறந்தவர்கள் வெற்று மருந்துப் பிரிவில் நூற்றுக்கு 18 பேர், ஸ்டீராய்டுப் பிரிவில் 21 பேர். ஆய்வைப் பாதியிலேயே நிறுத்தினார்கள். நல்லது என்று நம்பிக் கொடுத்த மருந்து, நூற்றுக்கு மூன்று பேரைக் கூடுதலாகக் கொண்டுபோயிருக்கிறது. எத்தனை வருடமாக, எத்தனை ஊர்களில் என்று கணக்குப் போட்டால் மனம் கனக்கும். ஒரு மருந்து 'இப்படி வேலை செய்ய வேண்டும்' என்பதற்கும் 'வேலை செய்கிறது' என்பதற்கும் இவ்வளவு தூரம்.

வலிப்பு மருந்து எத்தனை நாள்?

பலத்த அடிக்குப் பிறகு முதல் வாரத்தில் வலிப்பு வரலாம். அதைத் தடுக்க ஃபெனிடோயின் அல்லது லெவெடிராசெடம் கொடுப்பார்கள். 1990இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வு இதை அளந்து பார்த்தது: ஃபெனிடோயின் முதல் ஏழு நாளில் வரும் வலிப்பை நன்றாகக் குறைத்தது, அதற்குப் பிறகு வரும் வலிப்பைத் தடுக்கவில்லை. அதனால் வலிப்பே வராதவருக்குப் பொதுவாக ஒரு வாரம் போதும். வலிப்பு வந்தவருக்குக் கணக்கு வேறு, அவருக்கு நீண்ட நாள் தேவைப்படலாம். நடைமுறையில், டிஸ்சார்ஜ் சீட்டில் ஏறிய வலிப்பு மாத்திரை யாரும் கேட்காததால் வருடக்கணக்கில் ஓடிக்கொண்டே இருப்பதும் உண்டு. "இது இன்னும் எத்தனை நாள்?" என்று டாக்டரிடம் கேளுங்கள். நீங்களாக நிறுத்தாதீர்கள், சட்டென்று நிறுத்தினால் அதுவே வலிப்பைக் கொண்டுவரும்.

அமண்டடின்: தேறுவதை விரைவுபடுத்தும் மாத்திரை

இப்போது விஷயத்துக்கு வருவோம். அமண்டடின் முதலில் மூளைக்காக வந்ததே இல்லை. 1960களில் ஃப்ளூ காய்ச்சலுக்கு வந்த மருந்து. காய்ச்சலைத் தடுக்க அதை எடுத்துக்கொண்ட ஒரு பார்கின்சன் நோயாளிக்குக் கைகால் இறுக்கம் குறைந்ததைக் கவனித்தார்கள். 1969இலிருந்து அது பார்கின்சன் மருந்தாகவும் ஆனது. டோபமின் என்ற வேதிப்பொருளின் செயலை அது கூட்டுகிறது என்பது பின்னால் தெரிந்தது. நரம்பணுக்கள் ஒன்றுக்கொன்று செய்தி அனுப்பப் பயன்படும் பொருட்களில் டோபமினும் ஒன்று. விழிப்பு, கவனம், செயலில் இறங்கும் உந்துதல் எல்லாம் அதைச் சார்ந்தவை. பலத்த காயத்துக்குப் பிறகு இந்த டோபமின் வழி சோர்ந்துபோகிறது.

நம் வாய்க்காலுக்குத் திரும்புவோம். அமண்டடின் உடைந்த கரையைக் கட்டுவதில்லை. அணைக்கட்டில் நீர்மட்டத்தைக் கொஞ்சம் ஏற்றுகிறது. மட்டம் ஏறினால், மண் மேவிய வாய்க்காலிலும் கொஞ்சம் தண்ணீர் தள்ளிக்கொண்டு போகும். வாய்க்கால் அடியோடு போயிருந்தால் எவ்வளவு ஏற்றினாலும் பலன் இல்லை.

இதை 2012இல் வெளியான ஆய்வு சோதித்தது. அமெரிக்கா, டென்மார்க், ஜெர்மனி ஆகிய மூன்று நாடுகளில், காயம் பட்டு 4 முதல் 16 வாரம் ஆகியும் விழித்தும் உணர்வற்ற நிலையிலோ குறைந்த உணர்வு நிலையிலோ இருந்த 184 பேர். சீட்டுப் போட்டது போல் இரண்டு பிரிவாகப் பிரித்து, நாலு வாரம் ஒரு பிரிவுக்கு அமண்டடின், மற்றதற்கு வெற்று மருந்து. யாருக்கு எது என்பது நோயாளியின் குடும்பத்துக்கும் தெரியாது, மருத்துவர்களுக்கும் தெரியாது. நாலு வாரத்தில் இரண்டு பிரிவுமே முன்னேறின. அமண்டடின் பிரிவு வேகமாக முன்னேறியது. பிறகு மருந்தை நிறுத்தி இரண்டு வாரம் பார்த்தபோது அந்தப் பிரிவின் வேகம் தணிந்தது. ஆறாவது வாரத்தின் முடிவில் இரண்டு பிரிவும் ஏறக்குறைய ஒரே இடத்தில் நின்றன.

இந்தக் கடைசி வரியைத்தான் பலரும் விட்டுவிட்டுச் சொல்கிறார்கள். அமண்டடின் வேகத்தைக் கூட்டுகிறது என்று நிரூபணம் ஆகியிருக்கிறது. கடைசியில் போய்ச் சேரும் இடத்தை மாற்றுகிறது என்று நிரூபணம் ஆகவில்லை. வேகம் மட்டும்தானா என்று அலட்சியமாகவும் நினைக்க வேண்டாம். இரண்டு வாரம் முன்னதாகச் சொன்னதைப் புரிந்துகொள்கிறார் என்றால், பயிற்சிகளுக்கு அவ்வளவு முன்னதாக ஒத்துழைப்பார், படுக்கைப்புண்ணும் சளிக்காய்ச்சலும் வரும் ஆபத்தும் அவ்வளவு குறையும். 2018இல் அமெரிக்க நரம்பியல் சங்கம் வெளியிட்ட வழிகாட்டுதல் இதே காலகட்டத்தில் இருக்கும் பெரியவர்களுக்கு, ஒரு நேரத்துக்கு 100 முதல் 200 மி.கி. என்று தினம் இரண்டு வேளை கொடுக்கப் பரிந்துரைக்கிறது. சிறுநீரகம் பழுதானவருக்கு அளவைக் குறைக்க வேண்டும், ஏனென்றால் மருந்து அந்த வழியாகத்தான் வெளியேறுகிறது. வலிப்பு வந்தவர்களுக்கு யோசித்துத்தான் கொடுப்பார்கள். ஆக, பக்கத்துப் படுக்கைக்காரர் சொன்னார் என்று மெடிக்கல் ஷாப்பில் வாங்கி வாயில் போடும் மாத்திரை இல்லை இது.

மூளைக்குச் சத்து மாத்திரை என்ற பெயரில்

சிடிகோலின் என்ற பெயரை மூளைக்காயம் பட்டவரின் வீட்டில் பார்க்காமல் இருப்பது அரிது. நரம்பணுவின் மேலுறையைச் சரிசெய்யும் என்பது அதன் பின்னாலுள்ள நியாயம். 2012இல் அமெரிக்காவில் 1,213 பேருக்கு 90 நாள் கொடுத்துப் பார்த்த ஆய்வில், வெற்று மருந்தைவிட எந்த மேன்மையும் தெரியவில்லை. புரோஜெஸ்டிரோன் என்ற ஹார்மோன் எலிகளில் அருமையாக வேலை செய்தது. மனிதர்களில் நடந்த இரண்டு பெரிய ஆய்வுகள் 2014இல் வெளியாயின. இரண்டிலும் பலன் இல்லை.

சிடிகோலினால் பெரிய கெடுதல் இல்லை என்பது உண்மைதான். ஆனால் கூலி வேலை செய்கிற வீட்டில் மாதாமாதம் அதற்குப் போகும் பணம், வாரத்துக்கு இரண்டு நாள் பிசியோதெரபிக்கு ஆட்டோ வைத்துப் போகும் பணம். என்னைக் கேட்டால் ஆட்டோவுக்குத்தான் கொடுக்கச் சொல்வேன்.

சரி, அப்படியென்றால் அந்த மச்சினன் எப்படிக் கண் திறந்தான்? மருந்தே இல்லாவிட்டாலும் திறந்திருப்பான் என்பதுதான் பெரும்பாலும் விடை. வெற்று மருந்துப் பிரிவும் முன்னேறியது என்று பார்த்தோமே. முதல் ஆறு மாதத்தில் மூளை தானாகவே வேகமாகத் தேறுகிறது. அறுபடாமல் தப்பிய இழைகள் புதுக் கிளை விடுகின்றன, ஒரு பகுதியின் வேலையை இன்னொரு பகுதி எடுத்துக்கொள்கிறது. ஆறு மாதத்துக்குப் பிறகும் முன்னேற்றம் உண்டு, மெதுவாக வரும். இந்தக் காலத்தில் எந்த மாத்திரையைக் கொடுத்தாலும், எந்தக் கோயிலில் நேர்ந்துகொண்டாலும் பெயர் அதற்குத்தான் போகும். அதைப் பிரித்துப் பார்க்கத்தான் வெற்று மருந்து வைத்து ஆய்வு செய்கிறார்கள்.

சுருக்கமாக: ஸ்டீராய்டு கெடுதல், சிடிகோலினிலும் புரோஜெஸ்டிரோனிலும் பலன் காணவில்லை, அமண்டடின் குறிப்பிட்ட சிலருக்குக் குறிப்பிட்ட காலத்தில் வேகத்தைக் கூட்டுகிறது.

தேறுவதைத் தாமதப்படுத்தும் மருந்துகளும் உண்டு

நினைவு திரும்பும் வழியில் ஒரு கட்டத்தில் நோயாளி கத்துவார், குழாயைப் பிடுங்குவார், தெரிந்தவரையே அடிக்க வருவார். வீட்டார் பயந்துபோவார்கள். இது பெரும்பாலும் கடந்துபோகும் கட்டம். அவரை அடக்க ஹாலோபெரிடால், டயாசெபாம் போன்றவற்றைத் தொடர்ந்து கொடுப்பதில்தான் சிக்கல். ஹாலோபெரிடால் டோபமினைத் தடுக்கும் மருந்து. ஒரு கையால் அமண்டடின் கொடுத்து மட்டத்தை ஏற்றிக்கொண்டு, மறு கையால் மடையை அடைத்தால் என்ன ஆகும்? விலங்குகளில் செய்த சோதனைகளில் இவ்வகை மருந்து மீட்சியை மெதுவாக்கியது. மனிதர்களில் சான்று அவ்வளவு திட்டமாக இல்லை என்றாலும் மறுவாழ்வு மருத்துவர்கள் கூடிய மட்டும் இதைத் தவிர்க்கிறார்கள். முதலில் வலி இருக்கிறதா, மலச்சிக்கலா, சிறுநீர் கட்டியிருக்கிறதா, ராத்திரித் தூக்கம் இருக்கிறதா என்று பார்ப்பார்கள். மருந்து தேவைப்பட்டால் புரோப்ரனலால் போன்றவை உண்டு.

நேர்மாறான வினோதம் ஒன்றும் இருக்கிறது. சோல்பிடெம் என்பது தூக்க மாத்திரை. உணர்வற்றுக் கிடந்த சிலர் இதைச் சாப்பிட்டுச் சில மணி நேரம் விழித்துப் பேசியதாகச் செய்திகள் வந்தன. சோதித்தால் நூற்றுக்கு ஐந்து பேர் அளவில்தான் அப்படி விழிக்கிறார்கள். மாத்திரையின் வீரியம் குறைந்ததும் பழைய நிலைக்குப் போய்விடுகிறார்கள். செய்தித்தாளில் வருவது அந்த ஐந்து பேர்தான்.

வீட்டுக்கு வந்த பிறகு

கைகால் முறுக்கி இறுகுவதற்கு பேக்லோஃபென் கொடுப்பார்கள். இறுக்கம் குறையும், தூக்கமும் கூடும். பகலெல்லாம் தூங்கினால் அளவை மாற்றச் சொல்லிக் கேட்க வேண்டும். இதையும் திடீரென்று நிறுத்தக் கூடாது. ஒரு கை, ஒரு கால் மட்டும் இறுகியிருந்தால் அந்தத் தசையிலேயே போடும் போடுலினம் ஊசி இருக்கிறது, அதில் தூக்கக் கலக்கம் வராது. பேச்சு வந்து, வேலை பழக ஆரம்பித்த பிறகு கவனம் நிற்காமல் திணறுபவர்களில் சிலருக்கு மெத்தில்ஃபெனிடேட் என்ற மருந்து உதவுகிறது. அது கண்டிப்பான மருத்துவச் சீட்டில் மட்டுமே கிடைக்கும் மருந்து.

அடுத்த முறை பரிசோதனைக்குப் போகும்போது வீட்டில் இருக்கும் எல்லா மாத்திரை அட்டைகளையும் ஒரு பையில் போட்டு எடுத்துக்கொண்டு போங்கள். ஆலங்குளத்திலும் வேறு ஊர்களிலும் தனியாக டாக்டரிடம் காட்டி வாங்கியது, நாட்டு மருந்து, தூக்கத்துக்கு வாங்கியது எல்லாம் அதில் இருக்கட்டும். ஒவ்வொரு அட்டையையும் எடுத்து வைத்து, இது எதற்கு, எத்தனை நாள், தூக்கத்தைக் கூட்டுமா என்ற மூன்றையும் கேட்டு அட்டையின் பின்புறம் பேனாவால் எழுதி வாங்குங்கள். பத்து மாத்திரையோடு போனவர் ஆறோடு திரும்பி வந்து, அதற்கு அடுத்த வாரம் கொஞ்சம் தெளிவாக முழிப்பதும் நடக்கக்கூடியதுதான்.